எங்க அய்யாவுக்கு எழுதத் தெரியும்

எங்க அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் போட்டிருக்கிறது. கடைசியில் பின்னிணைப்பு. அதில் தகவலாளர் பட்டியல். பெயர், வயது, சாதி, தொழில், கல்வி என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். கல்விக் கட்டத்தில் 'படிக்காதவர்'. ஒரே சொல்தான். அதே ஆய்வேட்டின் நடுவில் சுடலைமாடன் கதைப்பாட்டு முழுசாக இருக்கிறது. பார்வதியம்மை தூண்டாமணி விளக்கின் சுடரை முந்தானையில் ஏந்திப் பிள்ளை பெற்றதில் தொடங்கி, அந்தப் பிள்ளை மயானத்துப் பிணத்தைத் தின்றதற்காகக் கயிலாயத்தை விட்டு அனுப்பப்பட்டது, மலையாளத்துக் காளிப்புலையனோடு மோதியது என்று எல்லாமும் இருக்கிறது. அத்தனையும் எங்க அய்யா தன் கையால் எழுதிய நோட்டிலிருந்து எடுத்தது.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் தோல்கருவியான மகுடத்தை எங்கே முறுக்கவேண்டும் என்பதற்கு வரி ஓரத்தில் அய்யா ஒரு சின்ன நட்சத்திரம் போடுவார். அது எங்கள் கூத்துச் செட்டுக்கு மட்டும் தெரிந்த குறி. ஆய்வேட்டில் அந்த நட்சத்திரங்கள் அப்படியே அச்சாகியிருக்கின்றன, அதே வரிகளின் ஓரத்தில். எதற்கென்று விளக்கம் இல்லை. போட்டவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். படிக்காதவரின் நோட்டைப் பார்த்து வரிக்கு வரி காப்பி எடுத்தவர்கள், அந்த நோட்டை எழுதியது யார் என்று நினைத்தார்கள்? அய்யா அஞ்சாம் வகுப்புவரை போனவர். மழைக்காலத்தில் கோயில் கொடைவிழா இல்லாத மாதங்களில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், தன் அப்பா வாயால் கேட்டதையெல்லாம் ஊதா மையில் எழுதிவைத்தவர். "ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தந்துருதேன் அய்யா" என்று வாங்கிக்கொண்டு போனார் ஒரு பேராசிரியர். எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்க அம்மா கையால் சோறு வாங்கித் தின்றவர்தான். நோட்டு திரும்பி வரவில்லை. அய்யா சாகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். "அந்த சார் வந்தாராலே?" படுக்கையில் கிடக்கையிலும் இதே கேள்வி. நான் என்ன பதில் சொல்ல?

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இனி முடியாது.

நாங்கள் கணியான். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் சுடலைமாடனுக்குக் கொடை என்றால் எங்கள் மகுடம் ஒலிக்கவேண்டும். அண்ணாவி நின்று கதை பாடுவார், பின்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார், மகுடம் இரண்டு, உச்சம் ஒன்று மந்தம் ஒன்று, அதற்குப் பெண்வேடம் கட்டிய ஆண்கள் சலங்கையோடு ஆடுவார்கள். விடிய விடிய நடக்கும். இந்தக் கணியான் கூத்து வேடிக்கைக்கு நடப்பது இல்லை. எதிரே சாமியாடுகிற கோமரத்தாடி நிற்பார். சாமியை வரவழைக்கிற வரத்துப் பாடும்போது அவர் உடம்பில் எப்போது நடுக்கம் ஏறுகிறது என்று அண்ணாவி பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். சாமி வரத் தாமதமானால் கதையை நீட்டவேண்டும். வந்துவிட்டால் அடியைக் குறுக்கி மகுடத்தை ஏற்றவேண்டும். எந்த ஊரில் எந்தக் குடும்பத்துச் சாமியின் பேரை முதலில் சொல்லவேண்டும், எந்த இடத்தில் ஒரு சாவைப் பற்றிப் பாடினால் கூட்டத்தில் ஒரு கிழவி அழுதுவிடுவாள், எல்லாம் தெரிந்திருக்கவேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துவிட முடியுமா? பத்து வயதில் பின்னால் நின்று தாளம் தட்டத் தொடங்கினால், மீசை முளைத்து, அது நரைக்கிற நேரத்தில்தான் ஒரு ஆள் அண்ணாவி ஆகிறார். அரசாங்கப் பட்டியலில் நாங்கள் பழங்குடி. ஊருக்குள் நாங்கள் கூத்தாடி. கொடை முடிந்த மறுநாள் டீக்கடையில் எங்களை நடத்துகிற விதம் வேறு. அதை இங்கே எழுதத் தொடங்கினால் முடியாது.

அய்யா போனபிறகு நான் அண்ணாவி ஆனேன். அப்புறம்தான் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்தது. பெயர் சொல்லமாட்டேன். பெயரைச் சொன்னால் எல்லோரும் அந்த ஒரு இடத்தைக் கைகாட்டிவிட்டு, தங்கள் இடம் சுத்தம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். முதுகலைப் பிள்ளைகளுக்கு வாய்மொழிக் கதையும் நிகழ்த்துகலையும் ஒரு பாடமாம். நான் வந்து சொல்லித்தரவேண்டுமாம். எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது பாருங்கள். கணியான் பிள்ளை பல்கலைக்கழகத்தில் வாத்தியார்! என் அம்மா அய்யாவின் படத்துக்கு முன்னால் நின்று வெகுநேரம் அழுதாள்.

அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. நிறைய பேர் நல்ல பிள்ளைகள். "அண்ணாவி, அண்ணாவி" என்று கூடவே வருவார்கள். வலங்கைமான், ஓசூர், கூடலூர் என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். தன் பாட்டியிடம் கேட்ட கதை ஒன்றை ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்று சொன்னது. சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளையின் குரல் பாட்டியின் குரலாகவே மாறியது. வகுப்பே மூச்சுவிடாமல் கேட்டது. இதைத்தானே சொல்லிக்கொடுக்க வந்தேன் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அந்த இடத்தில் நான் யார்?

ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது. ஒவ்வொரு தடவையும் வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். 'செயல்விளக்கக் கலைஞர்' என்று எழுதியிருக்கும். பணம் வர மாதக்கணக்காகும். கெஸ்ட் லெக்சரருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரைக்கும் தரலாம் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் சுற்றறிக்கை விட்டது. எனக்குத் தந்தது அதில் கால்பங்கு தேறாது. கேட்டால், "உங்களுக்கு அந்த ரூல் வராது அண்ணாவி, நீங்க குவாலிஃபைடு இல்லயே" என்றார்கள். என் பக்கத்து அறையில் கணியான் கூத்தைப் பற்றி வகுப்பெடுத்தவர் ஒருநாள்கூட ஒரு கொடையில் விடியும்வரை உட்கார்ந்தவர் இல்லை. அவர் குவாலிஃபைடு. என் மகுடத்தின் படத்தைத்தான் அவர் சுவரில் போட்டுக் காட்டுவார்.

மகுடம் என்ன என்று தெரியுமா? மரச்சட்டத்தில் கன்றுத்தோலை இழுத்து ஒட்டியது. தீயில் காட்டினால்தான் அது பேசும். ஈரக் காற்று பட்டால் தோல் தளர்ந்துபோகும், அடித்தால் தொப்பு தொப்பென்று விழும். அதனால் கூத்து நடக்கிற இடத்தில் ஓரமாக ஓலையோ வைக்கோலோ எரிந்துகொண்டே இருக்கும். இடையிடையே காட்டிக் காட்டி வாங்குவோம். ஒரு ஐப்பசி மாசம், அடைமழை. டில்லியிலிருந்து பார்வையிட வந்திருக்கிறார்கள், கூத்து வைக்கவேண்டும் என்றார்கள். அரங்கத்துக்கு வெளியே மரத்தடியில் இரண்டு ஓலையைக் கொளுத்தினோம். காவலாளி ஓடி வந்தார். பின்னாலேயே துறையிலிருந்து ஒருவர். "இங்கெல்லாம் நெருப்பு வைக்கக்கூடாதுங்க." மகுடம் காயணும் சார், பத்து நிமிஷம் என்றேன். அவர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வரச் சொல்லி, என் கண்முன்னால் ஊற்றவைத்தார். சாம்பலும் தண்ணீரும் தெறித்து மகுடத்தின் முகத்தில் விழுந்தது. "இருவது நிமிஷ புரோகிராம்தானே அண்ணாவி, அப்படியே அடிச்சிருங்க." சாமிக்கு முன்னால் அடிக்கிற கருவி. செருப்புக் காலோடு அதைத் தாண்டினால் எங்க அய்யா சோறு தின்னமாட்டார். தளர்ந்த தோலில் அன்றைக்கு நான் அடித்த சத்தம் இப்போதும் காதில் நிற்கிறது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கு எது மகுடம், எது தளர்ந்துபோன மகுடம் என்று தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அந்த அவமானம் எங்களுக்குள்ளேயே செத்தது.

என் சித்தப்பா மகன் பெண்வேடம் கட்டுவான். எனக்குத் தம்பி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஆட்டத்துக்கு நிகர் கிடையாது. பல்கலைக்கழகத்தில் ஒருநாள் அவன் ஆடும்போது விசிலடித்தார்கள். விசில் பரவாயில்லை, ஊரில் அடிக்காததா? அவன் வேடம் மாற்றுகிற இடத்தில் போய் ஒளிந்திருந்து செல்போனில் படம் பிடித்துப் பரப்பிவிட்டான் ஒருத்தன், கேலியாக எழுதி. புகார் சொன்னோம். "சின்னப் பசங்க, விடுங்க" என்றார்கள். இதேபோல் ஒரு ஆசிரியையைப் படம் பிடித்துப் போட்டிருந்தால் இப்படிச் சொல்வீர்களா? தம்பி அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது கேரளாவில் கட்டட வேலைக்குப் போகிறான்.

இதையெல்லாம் தாங்கினேன். அந்தக் கடைசிக் காரியத்தைத் தாங்க முடியவில்லை.

கைவெட்டு என்று ஒரு சடங்கு உண்டு. கொடையில் நடுச்சாமம் தாண்டி, சுடலைக்கு உரியதைக் கொடுக்கிற நேரத்தில், கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுப்பார். அது எங்கள் குலத்துக்கும் அந்தச் சாமிக்கும் உள்ள கடன். நாங்கள் விரதம் இருப்போம். வீட்டுப் பெண்கள் அன்றைக்குத் தூங்கமாட்டார்கள். ஒரு கருத்தரங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நிகழ்ச்சிநிரலில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உங்களுக்கு அரைமணி நேரம், அதில் கைவெட்டையும் காட்டிவிடுங்கள் என்றார்கள். கேமரா பக்கத்தில் வைப்பார்களாம். டாக்டர் ஒருவரும் இருப்பாராம், பயப்படவேண்டாமாம்.

எனக்கு முதலில் புரியவில்லை. சாமி இல்லாமலா சார் என்று கேட்டேன்.

"டெமான்ஸ்ட்ரேஷன்தானே" என்றார்கள்.

என் ரத்தத்தைக் கேட்டீர்களே, கேட்கும்போது உங்கள் நாக்கு கூசவில்லையா? ஒரு கோயிலின் அர்ச்சகரைக் கூப்பிட்டு, கருவறைக்குள் நடப்பதை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மேடையில் செய்துகாட்டு என்று கேட்பீர்களா? ஒரு பாதிரியாரை? ஒரு இமாமை? எங்களிடம் மட்டும் எப்படிக் கேட்க முடிந்தது? எங்கள் சாமி சாமி இல்லையா? எங்கள் கையில் ஓடுவது ரத்தம் இல்லையா?

முடியாது என்று சொன்னேன். சத்தம் போடவில்லை. கதை பாடுகிறேன், வரத்துப் பாடுகிறேன், விடிய விடிய வேண்டுமானாலும் ஆடுகிறேன், அது மட்டும் முடியாது என்றேன். சரி என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த பருவத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. நேரில் போய் நின்றேன். "பாடத்திட்டம் மாறிடுச்சு" என்று சொன்னார்கள். பாடத்திட்டம் மாறவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். என் வகுப்புகளை எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டியே பாடம் நடக்கிறதாம். நான் வேண்டாம், என் வீடியோ போதும்!

சட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வக்கீலிடம் போனேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் நிகழ்த்துகிறவனுக்கு உரிமை உண்டு என்றார். பாடுகிறவர், ஆடுகிறவர், பாம்பாட்டிகூட அந்தச் சட்டத்தில் வருகிறாராம். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்து 39ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். கற்பிப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் என்று பதிவு செய்தால் அது மீறல் ஆகாதாம். அதாவது கல்வி என்ற பெயரைச் சொல்லிவிட்டால் எங்களைக் கேட்கவேண்டியது இல்லை. பாட்டைக் கொண்டுபோகலாம், ஆட்டத்தைக் கொண்டுபோகலாம். எங்க அய்யாவின் நோட்டை எந்தப் பிரிவின்படி கொண்டுபோனீர்கள்?

தகுதி, தகுதி என்கிறீர்கள். உங்கள் விதியையும் படித்துப் பார்த்துவிட்டேன், ஒரு பழைய மாணவர் அச்செடுத்துக் கொடுத்தார். 2018ஆம் வருஷத்து மானியக்குழு விதிகளில் இசை, நிகழ்த்துகலை, நம் பாரம்பரியக் கலைகளுக்கென்று தனியாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பேர்பெற்ற பாரம்பரியக் கலைஞர் உதவிப் பேராசிரியராக வரலாம், நல்ல குருவிடம் கற்றிருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறது. படிக்கும்போது கண்ணீர் வந்தது, நம்மையும் நினைத்திருக்கிறார்களே என்று. கூடவே ஒரு வரி: அந்தத் துறையில் இளங்கலைப் பட்டம் இருக்கவேண்டும். கணியான் கூத்தில் பி.ஏ. எந்தக் கல்லூரியில் இருக்கிறது? பாவைக்கூத்தில் எங்கே இருக்கிறது? இல்லாத பட்டத்தைக் கொண்டுவா என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டு, கதவு திறந்துதான் இருக்கிறது என்று சொல்வது என்ன நியாயம்? 2022இல் புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். தொழிலில் 15 வருஷ அனுபவமும் திறமையும் இருந்தால் பட்டம் கட்டாயம் இல்லை. அதில் யாரைக் கூப்பிட்டீர்கள்? பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகளைக் கூப்பிட்டீர்கள். ஒரு அண்ணாவியை, ஒரு வில்லுப்பாட்டுக் கலைஞரை, ஒரு பறை ஆசானைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு துறைத்தலைவருக்காவது தோன்றியதா?

2025இல் பறை அடிக்கும் வேலு ஆசானுக்கும் தெருக்கூத்து ஆடும் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். டிவியில் பார்த்து நாங்கள் தெருவில் மகுடம் அடித்தோம். அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் விருது ஒருவர் இருவருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்களுக்கு வேண்டியது மாதச் சம்பளம், உட்கார ஒரு நாற்காலி, பதிவேட்டில் ஒரு பெயர். ந. முத்துசாமி ஐயா கூத்துப்பட்டறை நாடகக்குழுவைத் தொடங்கியபோது புரிசைக் கூத்தைத் தேடிப் போனார், கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றுக்கொள்ள நடிகர்களை நிறுத்தினார். கற்றுக்கொடுத்தவர் ஆசிரியர் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. பட்டம் கொடுக்கிற இடத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு சந்தேகம்?

என் மகன் படித்தான். எங்கள் குடும்பத்தில் முதல் எம்.ஏ. ஆராய்ச்சி செய்யப்போகிறேன், தாத்தா நோட்டைத் தேடி எடுத்து நானே பதிப்பிக்கிறேன் என்றான். இடஒதுக்கீட்டில் போக எஸ்.டி. சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கு இருப்பதே 1 விழுக்காடு. அந்தச் சான்றிதழைக் கோட்டாட்சியர் தரவேண்டும். எங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகளில் பாதிப் பேர் இன்றைக்கும் அந்த அலுவலகத்து வராண்டாவில்தான் நிற்கிறார்கள். பழைய பத்திரம் கொண்டுவா என்பார்கள். நிலமே இல்லாதவனிடம் பத்திரம் ஏது? "நீ கணியான்னு நான் எப்படி நம்புறது? எங்க, ஒரு பாட்டு பாடு பார்ப்போம்" என்று என் மகனிடம் ஒரு அலுவலர் கேட்டிருக்கிறார். அவன் பாடவில்லை. எழுந்து வந்துவிட்டான். பாடியிருந்தாலும் அது பாட்டா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? சேர்க்கைக்குக் கடைசித் தேதி போய்விட்டது. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறான்.

பார்த்தீர்களா? பல்கலைக்கழகத்துக்குள் எங்கள் பாட்டு இருக்கிறது. எங்கள் படம் இருக்கிறது. எங்க அய்யாவின் நட்சத்திரக் குறிகள் நூலகத்தில் அட்டை போட்டு இருக்கின்றன. அய்யாவின் பேரனுக்கு மட்டும் உள்ளே இடம் இல்லை.

துணைவேந்தர்களே, துறைத்தலைவர்களே, உங்கள் அலமாரிகளைத் திறந்து பாருங்கள். ஊர் ஊராகப் போய் வாங்கி வந்த நோட்டுகள், ஏடுகள், கேசட்டுகள் இருக்கும். உரியவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள், காப்பியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இளங்கலைப் பட்டம் என்ற வரியை எடுக்கச் சொல்லி மானியக்குழுவுக்கு எழுதுங்கள். எங்களை அழைத்தால் ஆசிரியர் என்று அழையுங்கள், அந்தச் சம்பளத்தைக் கொடுங்கள். எங்கள் சாமிக்கு உரியதைக் கேட்காதீர்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகளே, உங்களில் பலர் இன்று கல்லூரிகளில் வேலை பார்க்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். நன்றாக இருங்கள். நீங்கள் எழுதும் கட்டுரையில், எடுக்கும் வகுப்பில், யாரிடமிருந்து கற்றீர்கள் என்று சொல்லும் இடத்தில் எங்களை ஆசிரியர் என்று எழுதுங்கள். யாராவது கேட்டால் பயப்படாமல் சொல்லுங்கள். நாங்கள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்.